சாமி குத்தம், சட்டக் குத்தம்

பத்து வயதில் நான் ஒரு பிள்ளையாரை உடைத்திருக்கிறேன். பெரியார் உடைத்த அதே திருச்சியில்தான். ஆனால் கொள்கை கிள்கை எதுவும் கிடையாது, கை வழுக்கிவிட்டது. சதுர்த்திக்கு முதல் நாள் சாயங்காலம் காந்தி மார்க்கெட் பக்கம் சாக்கு விரித்து உட்கார்ந்து, ஈரக் களிமண்ணை மர அச்சில் அப்பி, கட்டைவிரலால் அழுத்தி, ஒரு தட்டு தட்டினால் பிள்ளையார் வந்து விழுவார். கண்ணுக்கு இரண்டு குன்றிமணி. பலகை நாம் கொண்டுபோக வேண்டும், குடைக்குத் தனிக் காசு. பலகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தவன், தெருமுனையில் ஒரு சைக்கிளுக்கு ஒதுங்கப் போய், பிள்ளையார் குப்புற விழுந்தார். தும்பிக்கை ஒரு பக்கம், தொந்தி ஒரு பக்கம். ஒரு குன்றிமணி மட்டும் புழுதியில் கிடந்து என்னையே பார்த்தது.

அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். பாட்டி பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னும் பூசையே பண்ணலையேடா, வெறும் களிமண்ணுதான் அது. ஓடு, இன்னொண்ணு வாங்கிட்டு வா, கடையைக் கட்டிடப் போறாங்க." உடைந்த மண்ணை வாரி வாழை மரத்தடியில் போட்டுவிட்டுச் சுண்டல் ஊறப்போடப் போய்விட்டாள்.

மறுநாள் பூசை முடிந்த பிறகு என் கால் தெரியாமல் அந்தப் பலகையில் பட்டது. அதே பாட்டி நறுக்கென்று தலையில் குட்டி, மூன்று தோப்புக்கரணம் போடவைத்துவிட்டுத்தான் விட்டாள். மூன்றாம் நாள் பிள்ளையாரைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி வைத்து, தொப்புளில் பதித்திருந்த காசை எடுத்துக்கொண்டு, கிணற்றில் போட்டாள். முந்தாநாள் மண், நேற்று சாமி, இன்றைக்கு மறுபடி மண். அவளுக்கு இதில் குழப்பமே இல்லை.

சட்டம் படிக்கும்போதுதான் தெரிந்தது, பாட்டி சொன்ன அதே தீர்ப்பை எங்கள் ஊர் மாஜிஸ்திரேட் ஒருவர் 1953இலேயே எழுதி வைத்திருக்கிறார் என்று. 1953 மே 27 சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில், திருச்சி டவுன்ஹால் மைதானத்தில், கூட்டத்தின் முன்னால் பெரியார் ஒரு மண் பிள்ளையாரை உடைத்தார். உடைப்பதற்கு முன்னால் பேசியபோது, இந்துக்கள் மனத்தைப் புண்படுத்தவே உடைக்கிறேன் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார் என்கிறது பிராது. பிராது கொடுத்தவர் வீரபத்திரன் செட்டியார், சைவர். (சிவனை நிந்தித்த தட்சனின் தலையை எடுத்தவர் பெயரும் வீரபத்திரர்தான். கோர்ட்டில் யாராவது இதைச் சொல்லிச் சிரித்திருப்பார்களா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.) அப்போது ராஜாஜி முதலமைச்சர். ஆனாலும் இது அரசு போட்ட வழக்கு அல்ல, தனியாள் கொடுத்த பிராது.

இந்திய தண்டனைச் சட்டம் 295ஆவது பிரிவு, வழிபாட்டு இடத்தையோ ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதும் பொருளையோ மதத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்றது. மாஜிஸ்திரேட் சர்க்கிள் இன்ஸ்பெக்டரை விட்டு விசாரித்தார், பிராதைத் தள்ளிவிட்டார். பிள்ளையாரின் சாயலில் இருக்கிறது என்பதாலேயே ஒரு மண்ணுருவம் புனிதப் பொருளாகிவிடாது. மக்களே வேண்டாமென்று கைவிட்ட பிள்ளையார்கள் அசுத்தமான இடங்களில்கூடக் கிடக்கிறார்கள், அவற்றை ஒருவன் மிதித்தால் அது குற்றமில்லை, அப்படியிருக்க இது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்று எழுதினார். செஷன்ஸ் ஜட்ஜ் அதை ஒப்புக்கொண்டார். 1954இல் சென்னை உயர் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. மூன்று கோர்ட்டும் என் பாட்டி கட்சி.

செட்டியார் விடவில்லை, டெல்லிக்குப் போனார். 1958 ஆகஸ்ட் 25 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி.பி. சின்ஹா. கீழ்க் கோர்ட்டுகள் சட்டத்தை ரொம்பச் சுருக்கிப் படித்துவிட்டன என்றார். பொருள் எவ்வளவு அற்பமாக இருந்தாலும், காலணா பெறாததாக இருந்தாலும், ஒரு வகுப்பார் அதைப் புனிதமாகக் கருதுகிறார்கள் என்றால் போதும், அதைக் கும்பிட்டிருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. அந்த நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துகிறதா, நீதிபதிக்கு அதில் உடன்பாடு உண்டா என்பதெல்லாம் பேச்சே இல்லை. ஆக, சட்டத்துக்குச் சொன்ன விளக்கத்தில் செட்டியார் ஜெயித்தார். ஆனால் வழக்கில் தோற்றார். ஐந்து வருடப் பழங்கதை, இனிமேல் விசாரிக்கச் சொல்வதில் அர்த்தமில்லை என்று அப்பீலைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பெரியார் தரப்பில் அங்கே யாரும் ஆஜராகக்கூட இல்லை.

இந்தத் தீர்ப்பை எப்போது படித்தாலும் எனக்கு மனம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. எது சாமி, எது மண் என்பதைத் தீர்மானிக்கும் வேலை மாஜிஸ்திரேட்டுக்கு எதற்கு என்று கேட்டால், சின்ஹா சொன்னது சரிதான். ஆனால் அந்த வேலையை அவரிடமிருந்து பிடுங்கி யாரிடம் கொடுத்தோம் என்று பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அது பாட்டியிடம் இருந்தது, பூசை என்ற ஒரு தொடக்கமும் கிணறு என்ற ஒரு முடிவும் அதற்கு இருந்தன. சட்டத்தில் பொருளையே பார்ப்பதில்லை. யாராவது ஒரு கூட்டம் அதை எப்படி நினைக்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறார்கள்.

சரி, இதற்கு நம்மிடம் இருக்கும் சொற்களைப் பாருங்கள். பத்திரிகையில் எழுதுவது 'மத நிந்தனை'. சைவர்களுக்கு 'சிவநிந்தை'. தமிழ் பைபிளில் 'தேவதூஷணம்'. இயேசுவை விசாரித்த பிரதான ஆசாரியன் தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, இவன் தேவதூஷணம் சொன்னான் என்கிறான். வேடிக்கை என்னவென்றால், அதே ஆளை ரோமானியத் தேசாதிபதி பிலாத்துவிடம் கொண்டுபோய் நிறுத்தும்போது தேவதூஷணம் என்று சொல்லிப் பிரயோசனமில்லை, ரோமானியனுக்கு யூதர்களின் தேவனைப் பற்றி என்ன கவலை? அதனால் அங்கே இவன் வரி கொடுக்காதே என்கிறான், தன்னை ராஜா என்கிறான் என்று பிராதை மாற்றி எழுதுகிறார்கள். எந்தக் கோர்ட்டில் எந்தப் பிராது எடுபடும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

ஆனால் ஊரில் யாரும் இந்தச் சொற்கள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊரில் இருப்பது 'சாமி குத்தம்'. காப்புக் கட்டிய பிறகு வெளியூரில் ராத்தங்கினால், நேர்ந்துவிட்ட கிடாயை விற்றால், தீட்டோடு கோயில் எல்லையை மிதித்தால் சாமி குத்தம். இதில் வாதி யார்? சாமியே. மாடு சாகும், பிள்ளைக்கு அம்மை போடும், மழை ஏமாற்றும். குறி கேட்கப் போனால் உடுக்கைச் சத்தத்தில் சாமி இறங்கி வந்து என்ன குத்தம், என்ன பரிகாரம் என்று அதுவே சொல்லிவிடும். பொங்கல் வை, மாவிளக்குப் போடு, கிடா வெட்டு. முடிந்தது. வாதி, நீதிபதி, தண்டனை கொடுப்பவர் எல்லாம் ஒரே ஆள், வாய்தா கிடையாது. இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. இன்ன சாதிக்காரன் கோயிலுக்குள் காலை வைத்ததே சாமி குத்தம் என்று சொல்லி அடித்து விரட்டியவர்களும் இதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். அங்கே சாமி பெயரில் யார் பேசுகிறார்கள் என்பது வேறு கதை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: சாமி குத்தத்தில் நொந்தது சாமி. மத நிந்தனையில் நொந்தது பக்கத்து வீட்டுக்காரர். மத உணர்வைப் புண்படுத்திப் பேசுவதையும் எழுதுவதையும் தண்டிக்க வந்த 295ஏ பிரிவை எழுத்தெண்ணிப் படித்துப் பாருங்கள், அதில் கடவுள் என்ற சொல்லே வராது. 'வகுப்பார்' வருவார்கள், 'மத உணர்வு' வரும். சாமிக்கு அந்த வழக்கில் சாட்சிக் கூண்டில்கூட இடமில்லை.

சாமியையே நீதிபதியாக உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரியபுராணத்தில் ஒரு முழு வழக்கே இருக்கிறது. காளத்தி மலையில் திண்ணன் என்கிற வேடன் சிவலிங்கத்தைக் கண்டு பித்தாகிவிடுகிறான். வாயில் ஆற்று நீரைக் கொண்டுவந்து லிங்கத்தின் மேல் உமிழ்கிறான், அதுதான் அபிஷேகம். தலையில் செருகிக்கொண்டு வந்த பூவை உதிர்க்கிறான், அதுதான் அர்ச்சனை. பன்றிக்கறியைச் சுட்டுப் பல்லால் கடித்து, ருசி பார்த்து, நல்ல துண்டாகப் பொறுக்கிப் படைக்கிறான். பழைய பூவைச் செருப்புக் காலால் ஒதுக்குகிறான். மறுநாள் காலையில் வருகிறார் சிவகோசரியார், ஆகமப்படி பூசை செய்கிறவர். சந்நிதியில் எலும்பும் இறைச்சியும் கிடந்தால் அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்? பதறுகிறார், அழுகிறார், எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிக் குளித்துவிட்டு வந்து மறுபடி பூசை செய்கிறார். அடுத்த நாளும் அதே கதி. 295ஆவது பிரிவுக்கு இதைவிடப் பொருத்தமான சம்பவம் கிடைக்காது. புனிதப் பொருள் இருக்கிறது, அசுத்தம் நடந்திருக்கிறது, புண்பட்டவர் ஒருவர் இருக்கிறார். கடைசியில் அவர் சிவனிடமே பிராது கொடுக்கிறார்.

சிவன் கனவில் வந்து என்ன சொல்கிறார்? அவனை விரட்டுகிறேன் என்று சொல்லவில்லை, நீ பொறுத்துப் போ என்றும் சொல்லவில்லை. நாளைக்கு என் பின்னால் ஒளிந்து நின்று பார் என்கிறார். பிராது கொடுத்தவரையே கூட்டிப்போய், குற்றவாளியின் மனசு தெரிகிற இடத்தில் நிறுத்துகிறார். சிவகோசரியார் ஒளிந்து நின்று பார்க்கும்போதுதான் லிங்கத்தின் கண்ணில் ரத்தம் வருகிறது, திண்ணன் தன் ஒரு கண்ணை அம்பால் அகழ்ந்து அப்புகிறான், அடுத்த கண்ணிலும் ரத்தம் வர, இடம் தெரிய வேண்டுமே என்று சாமியின் கண்மேல் செருப்புக் காலை ஊன்றிக்கொண்டு தன் இன்னொரு கண்ணுக்கு அம்பை நீட்டுகிறான். நில்லு கண்ணப்ப என்று கை நீண்டு தடுக்கிறது. சாக்கிய நாயனார் கதையும் இந்த ரகம்தான், தினமும் லிங்கத்தின் மேல் கல்லெறிந்தவர் அவர். அறுபத்துமூவரில் இவர்களுக்கும் இடம் உண்டு.

இதை மட்டும் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா நம் மரபு எவ்வளவு தாராளம் என்று நான் முடித்தால் அது பொய். அதே அறுபத்துமூவரில் சத்தி நாயனார் இருக்கிறார், சிவனடியாரை இகழ்ந்தவர்களின் நாக்கைக் குறடால் இழுத்து அறுத்தவர். செருத்துணை நாயனார் இருக்கிறார், கோயிலில் கீழே கிடந்த பூவை எடுத்து முகர்ந்த பாவத்துக்காக ஓர் அரசியின் மூக்கை அரிந்தவர். அந்த அம்மாளின் கணவர் கழற்சிங்கர் வந்து, மூக்கு என்ன செய்யும், பூவை எடுத்தது கையல்லவா என்று கையையும் வெட்டினார். அவரும் நாயனார். காலை ஊன்றியவனும் நாயனார், முகர்ந்தவளை வெட்டியவரும் நாயனார். சாமி நேரில் வந்து நிறுத்திய இடத்தில் கண் தப்பியது. பக்தர் தாமே தீர்ப்பு எழுதிய இடத்தில் மூக்கு போயிற்று.

சட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 1676இலேயே தலைமை நீதிபதி மேத்யூ ஹேல், கிறிஸ்தவம் இந்நாட்டுச் சட்டத்தின் ஓர் அங்கம், அதைத் தூஷிப்பது அரசைத் தூஷிப்பதாகும் என்று சொல்லிவிட்டார். 1697இல் எடின்பரோவில் தாமஸ் ஐகன்ஹெட் என்ற இருபது வயது மாணவனைத் தூக்கில் போட்டார்கள். அந்தத் தீவில் இந்தக் குற்றத்துக்காகக் கடைசியாகத் தூக்கில் தொங்கியவன் அவன்தான். அங்கே சட்டம் காப்பாற்றியது ஒரே ஒரு மதத்தை, இஸ்லாத்துக்கு அது பொருந்தாது என்று 1990இல்கூட கோர்ட் சொன்னது. 2008இல் இங்கிலாந்தும் வேல்ஸும் அந்தக் குற்றத்தையே ஒழித்துவிட்டன. ஆனால் மெக்காலே இந்தியாவுக்காக 1837இல் தண்டனைச் சட்ட வரைவு எழுதியபோது எல்லா மதத்துக்கும் ஒரே வேலி போட்டார். யாரும் தன் மதத்தைப் பின்பற்றலாம், யாரும் அடுத்தவன் மதத்தை அவமதிக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. எந்த மதம் உண்மை என்ற கேள்விக்குள் போகாமல் ஆள வேண்டிய வெள்ளைக்காரனுக்கு அதைவிட வசதியான கணக்கு கிடையாது.

295ஏ அப்போது இல்லை. அது லாகூரில் பிறந்தது. 1924இல் அங்கே ஒரு சிறு நூல் வெளியானது, நபிகளின் இல்லற வாழ்க்கையைக் கேலி பேசுவது. எழுதியவர் பெயர் போடவில்லை, பதிப்பித்தவர் ராஜ்பால். அவர்மேல் வழக்குப் போட்டார்கள், ஆனால் எந்தப் பிரிவில் போடுவது என்பதில்தான் சிக்கல். இருந்தது 153ஏ மட்டும், அதாவது வகுப்புகளுக்கு இடையே பகை மூட்டுவது. கீழ்க் கோர்ட்டில் தண்டனை ஆயிற்று. 1927இல் லாகூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி தலீப் சிங், நூல் மோசமானதுதான், ஆனால் மறைந்துபோன ஒரு மதத்தலைவரைத் தாக்கி எழுதுவது 153ஏ-வுக்குள் வராது என்று விடுதலை செய்துவிட்டார். ஊர் கொந்தளித்தது. அந்த வருடமே சட்டமன்றத்தில் 295ஏ நிறைவேறியது.

அந்த விவாதத்தில் ஜின்னா சொன்ன ஒரு விஷயத்தை இன்றைக்கு இரண்டு நாட்டிலும் யாரும் நினைவுபடுத்துவதில்லை. மத ஸ்தாபகர்களை இழிவுபடுத்துகிறவனைத் தண்டிக்க வேண்டியதுதான், ஆனால் வரலாறு எழுதுகிறவனும், உண்மையைத் தேடுகிறவனும், நேர்மையாக ஒரு மதத்தை விமர்சிக்கிறவனும் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றார் அவர். பிரிவுக்குள் 'வேண்டுமென்றே' என்றும் 'கெட்ட எண்ணத்துடன்' என்றும் இரண்டு சொற்கள் சேர்ந்தே உட்கார்ந்திருப்பது அந்த மாதிரிக் கவலையால்தான். அந்த இரண்டு சொல்லும் போனால் சட்டத்தில் மிச்சம் இருப்பது வெறும் கோபம்.

சட்டம் வந்தால் ஆத்திரம் அடங்கும் என்றுதான் வெள்ளைக்காரன் நினைத்திருப்பான். 1929 ஏப்ரல் 6 அன்று இல்முதீன் என்ற தச்சர் வீட்டுப் பையன், வயது இருபது வாக்கில், ராஜ்பாலை அவர் கடையிலேயே குத்திக் கொன்றான். அவனுக்காக அப்பீலில் வாதாட வந்தவர் அதே ஜின்னா. சின்னப் பையன், தண்டனையைக் குறையுங்கள் என்று கேட்டும் எடுபடவில்லை. 1929 அக்டோபர் 31இல் மியான்வாலி சிறையில் தூக்கு. லாகூரில் இன்றைக்கும் அவன் கல்லறைக்கு ஜனங்கள் போகிறார்கள்.

நாடு பிரிந்தபோது இந்தச் சட்டமும் இரண்டு பக்கமும் போயிற்று. பாகம் பிரித்த வீட்டுக்குக் கதவிலக்கம் போடுவதுபோல, அந்தப் பக்கம், பாகிஸ்தானில், ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில் 1982இல் 295பி, 1986இல் 295சி என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். 295சி நபிகளை இழிவுபடுத்துவது பற்றியது. மரணமோ ஆயுளோ என்றிருந்ததை, மரணம் மட்டுமே என்று 1990இல் ஷரியத் நீதிமன்றம் ஆக்கியது. அந்தப் பிரிவில் 'வேண்டுமென்றே', 'கெட்ட எண்ணத்துடன்' என்ற சொற்கள் கிடையாது. நேராகவோ மறைமுகமாகவோ, ஜாடையாகவோ என்று மட்டும் நீண்டுகொண்டே போகும். சிவகோசரியார் ஒளிந்து நின்று பார்த்தாரே, அந்த இடத்தையே இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

அது என்ன ஆகும் என்பதற்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும். 2009 ஜூன், பாகிஸ்தான் பஞ்சாபில் ஒரு கிராமம், வெயிலில் பெண்கள் ஃபால்சா பழம் பறிக்கிறார்கள். ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார், உன் கையால் தொட்டதைக் குடிக்க மாட்டோம் என்கிறார்கள் கூட வேலை செய்தவர்கள். (இந்த வசனம் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?) வாய்த்தகராறு. ஐந்து நாள் கழித்து எஃப்ஐஆர், நபிகளை இழிவாகப் பேசினார் என்று. அடுத்த வருடம் மரண தண்டனை. அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரி 4 அன்று அவருடைய மெய்க்காவலனே சுட்டுக் கொன்றான். அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது வக்கீல்கள் ரோஜா இதழ் தூவினார்கள். கறுப்புக் கோட்டுப் போட்டவன் என்ற முறையில் அந்தப் படத்தை என்னால் மறக்க முடியவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் ஆசியா பீபியை விடுவித்தது, அந்த ஐந்து நாள் தாமதத்தையும் சாட்சிகளின் முரண்பாட்டையும் காட்டி. தீர்ப்பு வந்த தேதி அக்டோபர் 31. இல்முதீனைத் தூக்கிலிட்ட அதே தேதி.

இத்தனைக்கும் அந்தச் சட்டப்படி அரசு இதுவரை யாரையும் தூக்கில் போட்டதில்லை. கொன்றதெல்லாம் தனியாட்களும் கூட்டமும்தான். 2021 டிசம்பரில் சியால்கோட்டில் ஓர் ஆலையின் மேலாளர், இலங்கைக்காரர், சுவரில் ஒட்டியிருந்த மதச் சுவரொட்டியைக் கிழித்தார் என்று பேச்சுக் கிளம்பி, தொழிலாளிகளே அடித்துக் கொன்று உடலை எரித்தார்கள்.

இந்தப் பக்கம் கதை அந்த அளவுக்குப் போகவில்லை, அதற்கு அந்த இரண்டு சொற்கள் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். 1957இல் 295ஏ செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோதே, எல்லா அவமதிப்பும் குற்றமல்ல, வேண்டுமென்றே கெட்ட எண்ணத்தோடு செய்ததுதான் குற்றம் என்று சொல்லித்தான் அதைக் காப்பாற்றியது. 2017இல் தோனிக்கும் அதுதான் கைகொடுத்தது. ஒரு பத்திரிகை அட்டையில் அவரை விஷ்ணு மாதிரி பல கைகளோடு போட்டு, கைக்கொரு விளம்பரப் பொருள், ஒரு கையில் ஷூ. அனந்தப்பூர் கோர்ட் வாரண்டே அனுப்பிவிட்டது. யோசிக்காமல் செய்ததெல்லாம் இந்தப் பிரிவுக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. ஆனால் அந்த அட்டை வந்தது 2013இல். நாலு வருடம் அலைந்தது தோனி, அவருக்கு வக்கீல் இருக்கிறார். சாதாரண ஆளுக்கு அலைச்சலே தண்டனை. அரசு முன் அனுமதி தராமல் கோர்ட் இந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்க முடியாது என்பது உண்மைதான், ஆனால் கைது செய்யப் போலீசுக்கு அந்த அனுமதி வேண்டாம், இது ஜாமீனில் விட முடியாத குற்றம் வேறு. 1961இல் இரண்டு வருடத்தை மூன்று வருடம் ஆக்கினார்கள். 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்து 295ஏ, 299 ஆனது. எண் மாறியது, பிராது எழுதுகிற வாசகம் மாறவில்லை.

அந்த வாசகம் எனக்கு மனப்பாடம். தோனி தீர்ப்பு வந்த வருடம் நான் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் மளிகைக்கடை வைத்திருக்கும் கட்சிக்காரர் ஒருவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். வாட்ஸப்பில் ஒரு படம். ஏதோ ஒரு அசைவ ஓட்டலின் விளம்பரம், பிள்ளையார் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார், இலையில் கொழுக்கட்டைக்குப் பதில் கோழிக்கால். ஸ்டேஷனில் ஒழுங்காக எழுதிக்கொண்டு வரச் சொன்னார்களாம். சீனியர் படத்தை ஒரு நிமிடம் பார்த்தார், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. டைப் அடிக்கச் சொன்னார். "மேற்படி படத்தைக் கண்ணுற்ற எனது மத உணர்வு புண்பட்டு, கடும் மன உளைச்சலுக்கு ஆளானேன்."

"இந்தப் படம் உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

"நேத்து காலையில சார்."

"உடனே புண்பட்டுச்சா?"

கட்சிக்காரர் யோசித்தார். "மொதல்ல சும்மா ஏதோ வெளம்பரம்னு விட்டுட்டேன் சார். சாயங்காலம் நம்ம சங்கத்து ஆளு ஒருத்தர் போன் பண்ணி, இதைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கீங்கன்னாரு. அப்புறம்தான்…"

"நீங்க யாருக்காவது அனுப்புனீங்களா?"

"எல்லாருக்கும் அனுப்பிட்டேன் சார். எவ்வளவு கேவலமாப் போட்டிருக்கான் பாருங்கன்னு போட்டு, ஏழெட்டு குரூப்புக்கு."

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இந்தப் படத்தை ஊர்ல அதிகம் பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நீங்கதான்" என்றார் மெதுவாக. அப்புறம் உள்நோக்கம் என்றால் என்ன, ஓட்டல்காரனுக்கு அது இருந்தது என்று எப்படிக் காட்டுவது என்று பொறுமையாக விளக்கினார். "நான் புண்பட்டேன்னு சொன்னா போதாதா சார்?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார் கட்சிக்காரர். கேலியாகச் சொல்லவில்லை, அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. பிள்ளையாருக்காக அழுதாரா, சங்கத்து ஆள் கேட்ட கேள்விக்காக அழுதாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். சிவகோசரியாரும் இப்படித்தான் அழுதிருப்பார். அவரை ஒளித்து நிறுத்தி வைக்க எங்கள் ஆபீஸில் லிங்கம் இல்லை, இரண்டு பீரோவும் ஒரு டைப் மெஷினும்தான் இருந்தன. திங்கட்கிழமை கையெழுத்துப் போட வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஆள் வரவில்லை, போன்தான் வந்தது. விளம்பரத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தது அவருடைய மச்சான் பையனாம், படிப்பை முடித்துவிட்டு இப்போதுதான் சின்னதாகக் கடை போட்டிருக்கிறானாம்.

"அப்ப மனு வேண்டாமா?" என்றேன்.

"வேண்டாம் தம்பி, சின்னப் பய, தெரியாமப் பண்ணிட்டான்."

சீனியர் ஒன்றும் சொல்லவில்லை. டைப் அடித்த தாளை வாங்கித் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் ஒரு வாடகைக் கேஸுக்குக் குறிப்பு எழுத ஆரம்பித்தார்.